குழுப்பரப்பலில் வினவற்பொறுப்பு: ஒரு கலைச்சொல்லாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கணினி வலையமைப்பில் வழங்கும் ‘குவரியர்’ என்னும் சொல் ஒரு தனிக்கருவியின் பெயரன்று; கருவி ஏற்கும் பொறுப்பின் பெயர். அதனை ‘வினவி’ என்று மட்டும் தமிழில் ஆளும்போது எழும் பொருள்மயக்கத்தையும் அதனை நீக்கும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குழுப்பரப்பல், வினவி, வினவற்பொறுப்பு, உற்றுக்கேட்டல், விகுதி.

முன்னுரை

ஒரு தரவோடையை வேண்டிய கணினிகளுக்கு மட்டும் ஒருசேர அனுப்புவது மல்டிகாஸ்ட் எனப்படும் குழுப்பரப்பல். ஐ.பி. நான்காம் பதிப்பு வலையில் குழு உறுப்பினரை அறிய ஐ.ஜி.எம்.பி. நெறிமுறை பயன்படுகிறது. 1989இல் வெளியான அதன் முதற்பதிப்பில் வினவியைத் தேர்ந்தெடுக்கும் முறை இல்லை; 1997இல் வந்த இரண்டாம் பதிப்பே அதனை வகுத்தது.

செயல்முறை

இயல்பு அமைப்பின்படி, வினவி 125 நொடிக்கு ஒருமுறை பொதுவினா விடுக்கும். உறுப்பினர் கணினிகள் 10 நொடிக்குள் விடையளிக்கும். இடைநிற்கும் ஸ்விட்ச் அவ்விடைகளை உற்றுக்கேட்டு, உரிய இணைப்புவாயில்களுக்கு மட்டும் தரவை விடும். வினவத்தக்கவை பல இருப்பின், மிகச்சிறிய ஐ.பி. முகவரி உடையதே வினவியாகும். ஏனையவை வினவாது காத்திருக்கும். அதன் வினா 255 நொடி வாராதொழியின் மற்றொன்று பொறுப்பேற்கும். திசைவி இல்லாத வலையில் ஸ்விட்சையே வினவியாக அமைக்கலாம்.

எதுவும் இப்பொறுப்பை ஏற்காவிடின், விடைகள் புதுப்பிக்கப்படா. ஏறத்தாழ 260 நொடியில் உறுப்பினர் பதிவு காலாவதியாகும். அதுவரை தடையின்றி ஓடிய காணொளி திடீரென நின்றுவிடக்கூடும். தொடக்கத்தில் எல்லாம் செவ்வனே இயங்குவதால் காரணம் எளிதிற் புலப்படாது.

சொல்லாய்வு

‘இ’ விகுதி, மரங்கொத்தி என்பதில் வினைமுதற்பொருளிலும் மண்வெட்டி என்பதில் கருவிப்பொருளிலும் வருகிறது. கணினி, திசைவி முதலிய வழக்குகளிற் பழகிய மாணவர், வினவியையும் தனித்து வாங்கிப் பொருத்தும் கருவியாகக் கொள்ள இடமுண்டு. வினவுதலும் கேட்டலும் இருவேறு தொழில்கள் என்பதும் இதனால் மறையும். கேட்கும் ஸ்விட்ச் இருந்தாற் போதும், வினவுவது வேண்டா என்னும் பிழைமுடிவுக்கு இம்மயக்கமே வழிவகுக்கும். ‘ஸ்னூப்பிங்’ என்பதற்கு ‘ஒட்டுக்கேட்டல்’ என்பது கரவைச் சுட்டுதலின், ‘உற்றுக்கேட்டல்’ பொருந்தும்.

முடிவுரை

பொறுப்பை ‘வினவற்பொறுப்பு’ என்றும், அவ்வேளை அதனைத் தாங்கும் கருவியை ‘வினவி’ என்றும் பிரித்தாளுதல் தகும். வினவி இங்குக் காரணப்பெயர். காரணம் வேறொரு கருவிக்கு மாறின் பெயரும் உடன்மாறும். கலைச்சொல்லாக்கத்தில் பொருளோடு அதன் நிலையையும் ஆராய வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.