சிங்கியின் மறுமொழி

தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பயிலும் மாணாக்கருட் பலர், மலைவளம் கூறும் பகுதியோடு நூலை மூடிவிடுகின்றனர். இறுதியில் வரும் சிங்கன் சிங்கி உரையாடலை வெறுங் காதற் களியாட்டென ஒதுக்குவாரும் உளர். நூலின் உயிர் துடிக்கும் இடம் அதுவே என்பது எம் துணிபு.

தலைவி வசந்தவல்லி, உலாப் போந்த குற்றாலநாதர்மேல் மையல் கொள்கின்றாள். குறத்தி சிங்கி அவளுக்குக் குறி கூறிப் பரிசு பெற்று அகல்கின்றாள். அவள் கணவனாகிய சிங்கன் பறவை பிடிப்போன். எங்கெங்கோ தேடியலைந்து முடிவில் அவளைக் காண்கின்றான். கண்டால், அடிமுதல் முடிவரை புது நகைகள்! இவற்றைத் தந்தவர் யார்?

ஐயம் பிறத்தற்கு ஏற்ற இடம் இது. சேக்சுபியரின் ஒத்தெல்லோவிலே ஒரு கைக்குட்டை ஓர் இல்லறத்தையே அழித்துவிட்டது. ஈண்டோ அவ்வையமே நகையாக மலர்கின்றது. காடே உலகமாக வாழும் சிங்கனுக்குச் சிலம்பு விரியன் பாம்பாகத் தோன்றுகின்றது. பாடகம் நெளியும் நாங்கூழ்ப் புழுவாகவும், கெச்சம் செத்த தவளையாகவும் தோன்றுகின்றன. சிங்கி சளைக்கின்றாளில்லை. சிலம்பு சேலத்து நாட்டிற் பெற்றது, பாடகம் பாண்டியன் மகள் அளித்தது, காலாழி கண்டியிற் கிடைத்தது என அடுக்குகின்றாள். அனைத்தும் அவள் குறி கூறி ஈட்டிய ஊதியம்! சிங்கனின் அறியாமை மெய்யோ நடிப்போ எனின், நடிப்பென்றே யாம் கருதுகின்றோம். நகையின் பெயரை அறியாதவன் இத்துணைப் பொருத்தமாக உவமை தேடுவானா?

ஓரடி அவன் வினா, அடுத்த அடி அவள் விடை. அவன் 'சிங்கி' என்று விளித்து முடிக்க, அவள் 'சிங்கா' என்று விளித்து முடிக்கின்றாள். அவன் 'அடி' என்றால் அவள் 'அடா' என்பாள், ஒருவர்க்கொருவர் தாழ்ந்தாரல்லர். பிற்பகுதி சற்று வரம்பு கடந்து செல்லுதலை யாம் மறுக்கவில்லை. ஆயினும் அதுபற்றி முற்பகுதியையும் இழத்தல் என்ன நியாயம்?

நாஞ்சில் நாட்டார்க்கு இந்நூலில் தனி உரிமையும் உண்டு. மலைவளம் பாடுமிடத்துச் சிங்கி, நாஞ்சில் நாட்டு வேள்விமலையைத் தன் தோழியின் மலை என்கின்றாள். அது தக்கலையை அடுத்த வேளிமலை. அதன் அடிவாரத்துக் குமாரகோவிலில் பங்குனியில் நிகழும் வள்ளி திருமணத்திற் 'குறவர் படுகளம்' என்னும் விளையாட்டுப் போரும் உண்டு.

மதுரை முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் (ஆட்சி 1706–1732) இந்நூலுக்காகக் கவிராயர்க்கு நிலம் வழங்கினார். அது 'குறவஞ்சி மேடு' எனப்பட்டது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இவ்வகைப் பாட்டின் இன்பம் உணர்ந்தன்றோ பெத்லகேம் குறவஞ்சி பாடினார்! 1944இல் ருக்மிணி தேவியார் குற்றாலக் குறவஞ்சியைக் கலாக்ஷேத்திரத்தின் நாட்டிய நாடகமாக்கினார்.

மௌனமாகப் படித்தால் இதன் சுவை பாதியே கிட்டும். எம் வகுப்பில் இருவர் எதிரெதிர் நின்று பங்கிட்டு வாசித்தபொழுது, செத்த தவளை வருமுன்னரே கடைசி வரிசையிலிருந்து சிரிப்பொலி எழுந்துவிட்டது.