மைத்தெறிப்பு அச்சுப்பொறியும் மெய்ப்புள்ளியும்

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். ஓலையில் எழுதியோர் அப்புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே விட்டனர். இட்டால் ஓலை கிழியும் என அஞ்சினர் என்பர். எனவே ஏடு பார்த்துப் பதிப்பித்தோர் 'பல்' என்பதையும் 'பல' என்பதையும் இடம் நோக்கியே பிரித்தறிய வேண்டியிருந்தது. அச்சு வந்தபின் அத்தொல்லை நீங்கிற்று. ஆயினும், துறை அலுவலகங்களில் வினாத்தாளும் ஆய்வேடும் அச்சிட உதவும் மைத்தெறிப்புப் பொறியை, அதாவது இங்க்ஜெட் பிரிண்டரைப் பேணாது விட்டால், அதே தொல்லை வேறு வழியாக மீண்டும் நுழைந்துவிடுகிறது. அச்சுத்தலையின் நுண்துளைகளுள் அடுத்தடுத்துச் சில அடைபடின் தாளின் குறுக்கே வெண்கோடு விழும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் கணக்கில், அரை மில்லிமீட்டர் அளவுள்ள மெய்ப்புள்ளி ஆறே வரிகளில் அடங்கிவிடும். அந்த ஆறு வரிகளும் வெண்கோட்டில் அகப்பட்டால் 'பல்' 'பல' ஆகிவிடும். வினாத்தாளில் இது நேர்ந்தால் மாணவர் நிலை என்னாகும்?

துளை அடைபடுவதன் காரணத்தை அறியப் பொறியின் இயக்கத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1977ஆம் ஆண்டு ஜப்பானியக் கேனான் நிறுவனத்தில் இச்சிரோ எண்டோ என்னும் ஆய்வாளர், மை நிறைந்த ஊசியின்மேல் சூடான பற்றவைப்புக்கோல் தற்செயலாகப் பட, மை துளியாகத் தெறித்ததைக் கண்டார். அவ்வாறு பிறந்ததே வெப்பமுறை. மையின் மெல்லிய படலம் கணநேரத்தில் கொதித்துக் குமிழியாகி, முன்னுள்ள துளியை உந்தித் தள்ளுகிறது. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனமும் தனித்து ஆய்ந்து இம்முறையைக் கண்டு, 1984இல் திங்க்ஜெட் என்னும் பொறியை வெளியிட்டது. எப்சன் பொறிகளில் வெப்பம் இல்லை. மின்னூட்டம் பெற்றால் வடிவம் மாறும் படிகப்பொருள் ஒன்று மையை அழுத்தித் தெறிக்கச் செய்கிறது.

முறை எதுவாயினும் துளை தலைமயிரினும் நுண்ணியது. மையின் பெரும்பகுதி நீர். பல நாள் அச்சிடாது விட்டால் துளைவாயில் நீர் ஆவியாகிச் சாயம் இறுகிவிடும். மைப்பேனாவைப் பயன்படுத்தியோர் நன்கறிந்த செய்தியே இது. பயன்படுத்தத் தேய்வன பல உண்டு. இப்பொறியோ பயன்படுத்தாமையால் கெடுகிறது.

இதனைத் தடுக்கவே, அச்சுத்தலை ஓய்வுறும் ஓரத்தில் ரப்பர் மூடி ஒன்றுண்டு. பொறியின் பொத்தானை அழுத்தி நிறுத்தினால்தான் தலை அம்மூடியில் சென்று அமரும். சுவரிலுள்ள சுவிட்சை நேரே அணைப்பது நம்மிடையே மலிந்த பழக்கம். அச்சிடும்போது அவ்வாறு செய்தால் தலை நடுவழியில் திறந்தபடியே நின்றுவிடும். மின்வெட்டு நேர்ந்தாலும் இதே நிலைதான். மின்சாரம் வந்தபின் பொறியை ஒருமுறை இயக்கி, முறையாக நிறுத்திவிட வேண்டும்.

அச்சில் கோடு விழுந்தால் முதலில் துளைச் சோதனைத் தாளை எடுக்க. அதில் எக்கோடு அறுந்துள்ளதோ அதற்குரிய துளை அடைபட்டுள்ளது. பின்னர்த் தலையைத் தூய்மை செய்யும் கட்டளையை ஒருமுறை தந்து, மீண்டும் சோதிக்க. இரண்டு மூன்று முறைக்குள் சரியாகவில்லையெனில், ஓரிரவு விட்டுவைத்தலே நலம். இறுகிய மை ஊறி இளகும், காற்றுக்குமிழி இருப்பினும் விலகும். பொறுமையின்றிப் பத்துமுறை அலசுவோர், அச்சிட வாங்கிய மையை அலசியே தீர்க்கின்றனர். அலசிய மையெல்லாம் பொறியின் அடியிலுள்ள பஞ்சில் சேரும். அது நிறைந்துவிட்டதென்று கணக்கிட்டால் பொறி வேலை செய்ய மறுக்கும். பஞ்சை மாற்றியாக வேண்டும்.

சில பொறிகளில் துளைகள் மைப்பெட்டியோடு சேர்ந்தே இருக்கும். அவற்றைக் கழற்றி, காய்ச்சி வடித்த வெந்நீரில் நனைத்துப் பிழிந்த, நூல் பிரியாத துணிமேல் இரண்டொரு நிமிடம் துளைப்பக்கம் படுமாறு வைத்து ஒற்றியெடுக்கலாம். தேய்த்தலாகாது; நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும். குழாய்நீரும் ஆகாது, அதன் உப்பு துளையில் படியும். செம்புநிற மின்தொடுமுனைகளை வேறு துணியால் துடைக்க வேண்டும். அவற்றை விரலால் தொடலாகாது. தலை பொறியிலேயே பொருத்தப்பட்ட வகையாயின், அதனைக் கழற்ற முனையாது, மின்னிணைப்பை நீக்கிவிட்டு, ரப்பர் மூடியின் விளிம்பையும் துடைப்பானையும் மட்டும் ஈரப்பஞ்சால் துடைத்தல் போதும்.

தாள் வழுக்குதலும் இரண்டிரண்டாக நுழைதலும் உருளையில் படிந்த தாள்தூசியால் வருவன. நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உருளையைச் சுற்றித் துடைத்து, உலரவிட்டால் போதும். தலை ஓடும் தடத்தில் கண்ணாடிபோல் ஒரு மெல்லிய நாடா தெரியும்; தலை தன் இடத்தை அறிவது அதிலுள்ள நுண்கோடுகளைக் கொண்டே. அதில் மை படிந்தால் செங்குத்துக் கோடுகள் நெளியும், சில வேளை தலை பக்கச்சுவரில் மோதும். சற்றே ஈரமான துணியால் மெல்லத் துடைக்க, ஸ்பிரிட் வேண்டா. அருகிலுள்ள இரும்புத் தண்டின் மசகை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடுவோரும் உளர். அது அங்கே இருக்க வேண்டியது.

கோடை விடுமுறைதான் கல்லூரிப் பொறிகளுக்குப் பெரும் சோதனை. மைப்பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்துச் செல்லுதல் வேண்டா, பொறியிலேயே இருக்கட்டும். விடுமுறையிலும் பணிக்கு வரும் அலுவலகப் பணியாளரிடம் வாரம் ஒரு தாள் அச்சிடும் பொறுப்பை ஒப்படைக்கலாம். கருப்பு மட்டும் போதாது, எல்லா நிறங்களும் அத்தாளில் வரவேண்டும். துளைச் சோதனைத் தாளே அதற்குப் போதும்.