பேரலை மாற்றினால் போதுமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகளில் பாதிப்பேர் நம் ராணுவத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள சிலருக்குப் பிரெஞ்சு ராணுவத்தில் சேர ஆசை. நான் ஆயுதப் பணிமனையில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சார், மாடுலர் துப்பாக்கியில பேரலை மட்டும் கழட்டி மாத்தினா எந்தத் தோட்டாவையும் சுடலாமாமே? எதிரி விட்டுட்டுப் போன தோட்டாவை எடுத்து அவன் மேலயே சுடலாமாமே? நம்ம ராணுவம் ஏன் அதை வாங்கல?"

செல்போனில் யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதியே வைக்கிறேன்.

நம்பிக்கை: பேரலை மாற்றினால் எந்தத் தோட்டாவையும் சுடலாம்.

உண்மை: சுட முடியாது. இன்சாஸ் துப்பாக்கியின் 5.56×45 தோட்டாவையும் ஏ.கே.வின் 7.62×39 தோட்டாவையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். குண்டைப் பார்க்காதீர்கள், அடிப்பாகத்தைப் பாருங்கள். முதலாவதன் அடி விட்டம் சுமார் 9.6 மி.மீ., இரண்டாவதன் அடி விட்டம் சுமார் 11.35 மி.மீ. தோட்டாவின் அடி, அதைப் பின்னாலிருந்து பூட்டும் போல்ட்டின் முகத்தில் உள்ள குழிக்குள் உட்கார வேண்டும். 9.6-க்குக் கடைந்த குழியில் 11.35 எப்படி உட்காரும்? ஆகவே போல்ட்டும் மாற வேண்டும். சுட்ட கூட்டைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரும் அதோடு சேர்ந்து மாறும். ஏ.கே. தோட்டாவின் கூடு நன்றாகவே கூம்பியது. அடுக்கினால் வளைந்துகொண்டே போகும். அதனால்தான் ஏ.கே. மேகசினுக்கு அந்த வளைவு. ஆக, மேகசினும் மாற வேண்டும். பேரலிலிருந்து வாயுவை எடுத்து இயந்திரத்தைத் தள்ளும் துளையின் அளவும் தோட்டாவுக்குத் தோட்டா வேறு.

டேவர் எக்ஸ்-95 துப்பாக்கி நம் படைகள் சிலவற்றிடம் இருக்கிறது. 5.56-லிருந்து 9 மி.மீ. பிஸ்டல் தோட்டாவுக்கு அதை மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் மாற்றும்போது பேரல், போல்ட் தொகுதி, மேகசின், மேகசின் உட்காரும் பொருத்தி எல்லாமே மாறுகின்றன. துப்பாக்கி இயங்கும் முறையேகூட வாயுத் தள்ளலிலிருந்து நேரடிப் பின்னுதைப்புக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவது வெளிக்கூடும் விசைத் தொகுதியும்தான். மாறுவது முழு செட்.

பேரலை மட்டும் மாற்றினால் போதும் என்கிற ஜோடியும் உண்டு: 5.56-உம் .300 பிளாக்அவுட் என்ற தோட்டாவும். ஒரே போல்ட், ஒரே மேகசின். அதைக் காட்டி என்னிடம் வாதம் செய்கிறவர்கள் அதன் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். மேகசின் ஒன்றாக இருப்பதால் பிளாக்அவுட் தோட்டா 5.56 பேரலுக்குள்ளும் போய்விடக்கூடும். பெரிய குண்டு சின்னக் குழலுக்குள் அடைத்துத் துப்பாக்கியே வெடித்த விபத்துகள் நடந்திருக்கின்றன. மாற்றுவது சுலபமாக இருப்பதே அங்கே ஆபத்து.

அடுத்து, நம் ராணுவம் ஏன் வாங்கவில்லை? வாங்கத்தான் பார்த்தது. 2011-ல் சுமார் 66,000 பல்கேலிபர், அதாவது பல அளவுத் தோட்டா சுடும், துப்பாக்கிகளுக்கு ராணுவம் டெண்டர் கோரியது. வழக்கமான போருக்கு 5.56×45 பேரல், தீவிரவாத எதிர்ப்புப் பணிக்கு 7.62×39 பேரல் என்று கேட்டது. கவனியுங்கள்: எந்தப் பணிக்குப் போகிறோமோ அதற்கு ஏற்றபடி முன்கூட்டியே மாற்றிக்கொண்டு போவதுதான் நோக்கம். சண்டை நடுவே கழற்றி மாட்டுவது யாருடைய திட்டத்திலும் இல்லை. பெரெட்டா, கோல்ட், செக் நாட்டு சி.இசட்., இஸ்ரேலின் ஐ.டபிள்யூ.ஐ. ஆகிய நான்கு நிறுவனங்களின் துப்பாக்கிகள் சோதனை வரை வந்தன. 2015-ல் டெண்டர் ரத்தானது. புனேயில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகமான ஏ.ஆர்.டி.இ.யும் 5.56, 6.8, 7.62×39 என மூன்று கேலிபருக்கு ஒரு துப்பாக்கியை வடிவமைத்துக் காட்டியது.

பிறகு ராணுவம் எடுத்த முடிவைப் பாருங்கள். 2019-ல் 72,400 சிக்-716 துப்பாக்கிகள், 7.62×51. 2021-ல் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஏ.கே.-203 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம், 7.62×39. இரண்டும் ஒற்றைக் கேலிபர். பிரெஞ்சு ராணுவமும் 2016-ல் தன் ஃபாமாஸ் துப்பாக்கிக்கு மாற்றாக எச்.கே.416-ஐத் தேர்ந்தெடுத்தபோது 5.56-இலேயே நின்றது. இவர்கள் எல்லாரும் விவரம் தெரியாதவர்களா? இரண்டு கேலிபர் என்றால் பேரல், போல்ட், மேகசின், தோட்டா எல்லாவற்றுக்கும் இரண்டு கையிருப்பு, இரண்டு கணக்கு, இரண்டு பயிற்சி. மலை முகட்டில் நிற்கும் சிப்பாயிடம் தவறான பெட்டி போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வீடியோ போடுகிறவர் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டியது படையின் பொறுப்பு.

நம்பிக்கை: 7.62 என்றால் எல்லாம் 7.62 தான்.

உண்மை: பெருக்கல் குறிக்குப் பின்னால் உள்ள எண்ணையும் படியுங்கள்; அது கூட்டின் நீளம். ஏ.கே.-203-இன் 39-உம் சிக்-716-இன் 51-உம் ஒன்றுக்கொன்று போகாது. குண்டின் விட்டம்கூட ஒன்றல்ல: ஏ.கே.வுக்கு 7.9 மி.மீ.க்குச் சற்றுக் கூட, மற்றதற்கு 7.82.

நம்பிக்கை: மாடுலர் என்றாலே கேலிபர் மாறும்.

உண்மை: பெரும்பாலும் மாறாது. பேரல் நீளம், பின்கட்டை, பிடி, பார்வைக் கருவி இவைதான் மாறும். 1960-களில் வந்த ஸ்டோனர் 63 கார்பைனாகவும் ரைஃபிளாகவும் பெல்ட் போட்டுச் சுடும் இயந்திரத் துப்பாக்கியாகவும் உருமாறும். தோட்டா மட்டும் எப்போதும் 5.56.

நம்பிக்கை: மாற்றியதும் குறி அப்படியே இருக்கும்.

உண்மை: இருக்காது. பேரலும் தோட்டாவும் மாறினால் ரேஞ்சுக்குப் போய்க் குறியை மறுபடி ஜீரோ செய்யத்தான் வேண்டும்.

நம்பிக்கை: மாற்று உறுப்புகளை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

உண்மை: 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்பது அதன் உறுப்புகளையும் சேர்த்துத்தான். விளையாட்டாகக்கூட இணையத்தில் தேடி ஆர்டர் போடாதீர்கள். வேலைக்கு முயலும் பையன் வழக்கில் மாட்டினால் எதிர்காலமே போய்விடும்.

நம்பிக்கை: உறுப்புகளை மாற்றிப் பொருத்துவது அமெரிக்கர்களின் புதுக் கண்டுபிடிப்பு.

உண்மை: நம் ஊரை ஆண்ட பிரான்சின் ஒனொரே ப்ளான் என்ற துப்பாக்கித் தொழிலாளி, பிரித்துப்போட்ட துப்பாக்கி விசைகளின் உறுப்புகளைக் கலந்து, கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்தலாம் என்று 1785-லேயே காட்டினார். அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சன், தானே சில விசைகளைப் பொருத்திப் பார்த்து வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினார்.

ப்ளான் சாதித்தது அளவின் துல்லியத்தால். இன்றைய மாடுலர் துப்பாக்கிக்கும் அதுவேதான் உயிர். பேரல் மாற்றியதும் நாங்கள் முதலில் எடுப்பது, போல்ட் முகத்துக்கும் பேரலுக்குள் தோட்டா தட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைச் சோதிக்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ். 'கோ' கேஜை உள்ளே வைத்தால் போல்ட் பூட்ட வேண்டும். 'நோ-கோ' வைத்தால் பூட்டக் கூடாது. இடைவெளி கூடினால் கூடு கிழிந்து, வாயு சுடுகிறவன் முகத்துக்கே வரும்.

இந்தத் துல்லியம் நம் பிள்ளைகளிடம் வளர வேண்டும் என்பதுதான் என் கவலை. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளில் லேத் ஓடுகிறது. ஐ.டி.ஐ. முடித்து வரும் பையன்களில் பலருக்கு மைக்ரோமீட்டரைத் தடுமாறாமல் படிக்கத் தெரிவதில்லை. அது அவர்கள் குற்றமல்ல, கற்றுக்கொடுக்காதவர்கள் குற்றம். ஒவ்வொரு மாணவனும் தான் கடைந்த உறுப்பை வேறொருவன் கடைந்ததோடு பொருத்திக் காட்டினால்தான் தேர்ச்சி என்று விதி வையுங்கள். செய்முறைத் தேர்வுக்கு இதைவிட நேர்மையான கேள்வித்தாள் கிடையாது. தம்பிகளே, வீடியோ பார்க்கும் நேரத்தில் பாதியை மைக்ரோமீட்டருக்குக் கொடுங்கள்.