ஐப்பசி மழையும் வீட்டு நாயும்

மாணவர்களே, தீபாவளிக்கு மறுநாள் எங்கள் பாளையங்கோட்டைத் தெருக்களில், அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, வழி தெரியாமல் அலையும் நாயைப் பார்த்ததுண்டு. பயந்தாங்கொள்ளி என்று சிரித்துவிடாதீர்கள். நம் செவிக்கு வினாடிக்கு 20,000 அதிர்வுகள்தாம் எல்லை; நாயின் செவிக்கோ ஏறத்தாழ 45,000!

நம் நாட்டு விதிப்படி, 4 மீட்டர் தொலைவில் வெடியோசை 125 டெசிபலைத் தாண்டலாகாது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் குறையும். 64 மீட்டருக்கு அப்பால் சென்று வெடித்தாலும் 101 டெசிபல் எஞ்சும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆகவே தெருக்கோடிக்குப் போனால் மட்டும் போதாது. நாயைக் கட்டாமல் உள்ளறையில் விட்டு, சன்னலை அடைத்து, பழகிய ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

அடுத்தது மழை. நம் பக்கத்துச் சிப்பிப்பாறை நாய்க்கு ரோமம் குட்டை. ரோமத்திடையே தங்கும் காற்றே அதன் போர்வை. நனைந்தால் அவ்விடத்தை நீர் பிடிக்கிறது. நீரோ காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். போதாக்குறைக்கு, 200 கிராம் ஈரம் ஆவியாக ஏறத்தாழ 1,16,000 கலோரி தேவை. ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் இது! இதில் ஒரு பங்கை நாயின் உடலே தருகிறது. எனவே உடனே துவட்டுங்கள். வெறும் சிமெண்டுத் தரையில் விடாமல் பலகைமேல் சாக்கு விரித்துப் படுக்க விடுங்கள்.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததல்லவா? அத்தகைய இரவில், வீட்டைவிட்டுக் கிளம்புமுன் சங்கிலியை அவிழ்த்துவிடுங்கள். கட்டிய நாய்க்கு நீந்தத் தெரிந்தும் பயனில்லை.