அம்பைக்குப் போகும் பேத்திக்கு

தாராவி, மும்பை
மாசி மாதம்

அன்புள்ள பேத்திக்கு,

இந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்கு நம் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலில் பொங்கலிட உன் அப்பாவும் அம்மாவும் உன்னையும் அழைத்துக்கொண்டு, அம்பை என்று நாம் சொல்லும் அம்பாசமுத்திரத்துக்குப் புறப்படுகிறார்கள் என்ற செய்தியைச் செம்பூரிலிருந்து உன் அப்பா போனில் சொன்ன நிமிஷம் முதற்கொண்டு, என் மனம் இந்தத் தொண்ணூறடிச் சாலையின் இரைச்சலுக்கு நடுவில் தங்க மாட்டேன் என்கிறது. மூட்டு வலியோடு இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்து வர என்னால் ஆகாது. ஆகவே, கூட வந்து காட்டியிருக்க வேண்டியவற்றைக் கடிதமாக எழுதி அனுப்புகிறேன். தாதரில் வண்டி ஏறி உட்கார்ந்த பிறகு, செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு, இதை இன்னொரு முறை நிதானமாகப் படி.

முதலில் பருவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் முன்னோர் வருஷத்தை ஆறு பருவங்களாகப் பிரித்து, மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றும் வகுத்தார்கள். பௌர்ணமியை ஒட்டி, சந்திரன் உத்திர நட்சத்திரத்தோடு கூடும் நாளில் வரும் பங்குனி உத்திரம், பனி விலகி வசந்தம் எட்டிப்பார்க்கும் சந்தியில் அமைந்தது. மும்பையில் அந்தச் சந்தியை நீ ஹோலி நெருப்பாலும் வண்ணப் பொடியாலும், பிறகு குடீ பாடுவா அன்று வாசல்தோறும் உயர்ந்து நிற்கும் மூங்கிலில் கட்டிய வேப்பங்கொத்தாலும் அறிந்திருக்கிறாய். அந்த வேம்பை அங்கே மரமாகவே பார். மாசியில் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்ற மரம், பங்குனி பிறந்ததும் நுனிதோறும் செம்பு நிறத்தில் துளிர் விட்டிருக்கும். காலை வெயில் அதன் ஊடே விழும்போது மரம் முழுவதும் ஈரமாக இருப்பது போலத் தோன்றும். சில நாட்களில் துளிர் பச்சையாகி, இடையிடையே வெண்பூ அரும்பி, சித்திரை முதல் நாள் அந்தப் பூ வெல்லத்தோடு சேர்ந்து பச்சடியாக நம் இலையில் விழும். உன் மராட்டியத் தோழிகள் வேப்பிலையையும் வெல்லத்தையும் மென்று புத்தாண்டைத் தொடங்குகிறார்கள். நாம் வேப்பம்பூவால் தொடங்குகிறோம். புங்க மரங்கள் எண்ணெய் தடவினாற்போல் பளபளக்கும் இளம் இலையோடு நிற்கும். மாமரத்தில் பூ முடிந்து வடு பிடித்திருக்கும்.

வயலில் பிசானம் அறுவடை முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருக்கும். கார், பிசானம் என்னும் இரண்டு போகங்கள் தாமிரபரணிப் பாசனத்துக்கு உரியவை. தென்மேற்குப் பருவமழை பொதிகை மலையில் பெய்து காருக்கும், வடகிழக்குப் பருவமழை பெய்து பிசானத்துக்கும் நீர் தருவதால்தான், பிறந்து கடல் சேரும் வரை சுமார் 125 கிலோமீட்டரே ஓடும் அந்தச் சிறு நதி வற்றாத நதியென்று பெயர் எடுத்தது. அறுத்த தாள் நிற்கும் வயலில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். வாத்துகளை மேய விட்டிருப்பார்கள். களத்தில் வைக்கோற்போர் எழுந்துகொண்டிருக்கும். அம்பாசமுத்திரத்தில் 1937ஆம் ஆண்டு முதல் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவாக்கி 1986இல் வெளியிட்ட அம்பை 16 என்னும் குண்டு ரக நெல் இட்லிக்கு உகந்ததென்று நாடெங்கும் பரவியது. மாட்டுங்காவில் அம்மா இட்லி அரிசி வாங்கும்போது உடன் நிற்கிறாயே, அந்தப் பெயரையும் இனி நினைவில் வைத்துக்கொள்.

ஆனி, ஆடியில் போனால்தான் குற்றாலச் சாரலும் ஆற்று வெள்ளமும் அழகு, பங்குனியில் வெயிலைத் தவிர என்ன இருக்கிறது என்று உன்னிடம் சிலர் சொல்லக்கூடும். அந்த அபிப்பிராயம் எனக்குச் சம்மதமில்லை. வெள்ளம் வரும் மாதங்களில் தண்ணீர் தன்னை மட்டுமே காட்டும். தண்ணீரை மனிதர்கள் எப்படி ஆண்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டுமானால் அது இறங்கிய மாதத்தில் போக வேண்டும். பங்குனியில் ஆறு முழங்கால் ஆழத்துக்கு வந்து, அடியிலுள்ள கூழாங்கல் தெளிவாகத் தெரியும். அணைக்கட்டின் கல்வரிசை வெளியே நிற்கும். வாய்க்காலின் மதகும், குளத்தின் மடையும் ஏறக்குறைய அடிவரை கண்ணுக்குப் புலப்படும். ஒரு சிற்றூரின் அமைப்பைத் தெரிந்துகொள்ள அதைக் காட்டிலும் நல்ல சமயம் கிடையாது.

திருநெல்வேலியில் இறங்கிச் செங்கோட்டை போகும் வண்டியில் மாறி உட்காருங்கள். நான் சிறுவனாக இருந்தபோது பம்பாயிலிருந்து மதராஸ் சென்று, எழும்பூருக்கு மாறி, மீட்டர்கேஜ் வண்டியில் ஊர் போய்ச் சேர்வோம். அந்தச் செங்கோட்டைப் பாதையும் மீட்டர்கேஜாகவே இருந்து 2012இல்தான் அகலப் பாதையாயிற்று. நாதஸ்வர வித்வான் அருணாசலத்தின் ஊராகிய காருகுறிச்சியும், பிறகு வீரவநல்லூரும், அதன்பின் கல்லிடைக்குறிச்சியும் வரும். கல்லிடைக்குறிச்சியில் உளுந்து அப்பளம் காயும் வாசனையை நீ உணரலாம். பங்குனி வெயில் அந்தத் தொழிலுக்கு வரப்பிரசாதம். குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982இல் களவுபோன நடராஜர், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து அருங்காட்சியகம் வரை போய், 2019இல் திரும்பி வந்ததும் அதே ஊருக்குத்தான். அவகாசம் இருந்தால் ஒரு மாலை போய்த் தரிசித்து வா. கல்லிடைக்குறிச்சியைத் தாண்டியதும் வண்டி ஆற்றுப் பாலத்தின்மேல் ஏறும். ஜன்னலோரம் உட்கார்ந்திரு. மறு கரையில் அம்பாசமுத்திரம். மேற்கே வானத்தைப் பாதி மறைத்துக்கொண்டு நிற்பது பொதிகை.

மறுநாள் விடிவதற்கு முன்னே எழுந்து, ஊரில் இருக்கும் அத்தையோடு ஆற்றுக்கு நடந்து போ. ஆட்டோ வேண்டாம். கரையில் மருத மரங்கள் இருக்கும். படித்துறையில் துணி துவைக்கும் ஓசை நீ வருவதற்கு முன்பே கேட்கும். நீரில் இறங்கிக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால், சிறு மீன்கள் வந்து உன் பாதத்தைக் கொத்தும். பிறகு நிமிர்ந்து, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேள். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஊர் முழுவதையும் பார்த்துவிடலாம் என்பது என் அனுபவம்.

ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு. அவற்றுள் கடைசியாகிய ஸ்ரீவைகுண்டம் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. மொத்தம் பதினொரு கால்வாய்கள் அவற்றிலிருந்து பிரிகின்றன. அம்பைப் பக்கத்துக் கால்வாயின் பெயரைக் கேட்டால் நீ வியப்பாய்: நதியுண்ணி. நதியையே உண்கிறது என்று தண்ணீரின் பசியைக் கண்ணால் கண்ட யாரோ ஒரு விவசாயி சூட்டிய பெயராகத்தான் இருக்க வேண்டும். எதிர்க்கரையில் பிரிவது கன்னடியன் கால்வாய். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மசாரி, தானமாகப் பெற்ற பொருளை என்ன செய்வதென்று அகத்தியரை வேண்ட, ஒரு பசுவின் பின்னே நடந்து, அது போன வழியில் கால்வாய் வெட்டி, அது படுத்த இடத்தில் குளமும், கோமியம் விட்ட இடத்தில் மடையும் அமைக்கும்படி அவர் அருளினார் என்பது ஐதிகம். புராணக் கதைதானே என்று ஒதுக்கிவிடாதே. மேடு பள்ளம் அறிந்து சரிவு குறைந்த வழியைத் தேடி நடப்பது மாட்டின் சுபாவம்; மட்டம் பார்க்கும் கருவி இல்லாத காலத்தில் அந்த ஞானத்தைக் கதையாக்கி ஜனங்கள் காப்பாற்றினார்கள் என்று நான் கருதுகிறேன். அந்தக் கால்வாய்க் கரையில் சேரன்மகாதேவியில் மிளகுப் பிள்ளையார் இருக்கிறார். மழை பொய்த்தால் மிளகை அரைத்து அவர் மேனியில் பூசி அபிஷேகம் செய்வார்கள். அந்த எரிச்சல் தாளாமல் அவர் தண்ணீர் வரவழைப்பார் என்பது நம்பிக்கை.

இப்போது உன் கொள்ளுத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தின் உத்தேசமே அதுதான்.

என் தகப்பனாருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் கிடையாது. அவர் நீர்ப்பாய்ச்சி. குளத்து மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைத்து வாய்க்காலைத் திருப்புவதும் அவர் வேலை. மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இரவில் வரப்பில் நடந்து, பாயும் தண்ணீரின் சத்தத்தை வைத்தே எங்கே உடைப்பு, எந்த வயல் நிறைந்தது என்று இருட்டில் சொல்லிவிடுவார். கூலி, அறுவடையில் கிடைக்கும் கதிர்க்கட்டுகள். பெரிய வீட்டு வயலுக்கும் சிறிய வீட்டு வயலுக்கும் ஒரே நாழிகைக் கணக்கு என்பதில் அவர் பிசகியதே இல்லை. ஆனால் ஊருக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்ட அந்த மனிதர் ஆற்றில் குளிக்க எந்தத் துறையில் இறங்கலாம், எதில் இறங்கக் கூடாது என்று ஜாதியை வைத்துச் சட்டம் பேசிய காலம் அது. அவர் ஊரை விட்டுப் புறப்பட்டதற்கு வறுமை ஒரு காரணம். அந்தத் துறை இன்னொரு காரணம். இதை நீ அறியாமல் ஊருக்குப் போவதை நான் விரும்பவில்லை. நதியின் அழகும் அந்த அநியாயமும் ஒரே கரையில் இருந்தவை.

அவர் வந்து சேர்ந்தது இந்தத் தாராவிக்கு. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1887இல் கட்டிய பெரிய மசூதி இங்கே இன்றும் இருக்கிறது. ஆதிதிராவிடர் மகாஜன சங்கத்தார் எழுப்பிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. நம்மவர் வருவதற்கு முன்னேயே வழி போட்டவர்கள் அவர்கள். என் தகப்பனாரும் தோல் கிடங்கில்தான் வேலை செய்தார். எங்கள் சந்துக்கு ஒரே குழாய், விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர் வரும், வந்ததும் அடிதடி. ஒரு நாள் அவர் எழுந்துபோய், குடங்களை வரிசையாக அடுக்கி, வீட்டுக்கு இத்தனை குடம், நோயாளி இருக்கும் வீட்டுக்கு முதல் முறை என்று ஒழுங்கு செய்தார். தமிழர், மராட்டியர், உத்தரப் பிரதேசத்தார் எல்லாரும் அந்த முறைக்குக் கட்டுப்பட்டார்கள். கையில் மம்பட்டி இல்லை. மற்றபடி அவர் செய்தது பழைய வேலையே. குழாயின் அருகில் குந்தி உட்கார்ந்து, குடம் நிறையும் சத்தம் மாறுவதைக் கேட்டு, கண்ணைத் திறக்காமலே 'அடுத்தது' என்று அவர் சொன்ன குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அந்தக் குழாயில் வந்த தண்ணீர் தான்சா முதலிய ஏரிகளிலிருந்து வருவது. அந்த ஏரிகளுக்கு நீர் தருவது சஹ்யாத்ரி என்னும் மேற்குத் தொடர்ச்சி மலை. பூகோளப் புத்தகத்தைத் திறந்து பார்: தபதி நதியருகே தொடங்கும் அந்த மலைத்தொடர் சுமார் 1600 கிலோமீட்டர் தெற்கே ஓடிப் பொதிகையாகிக் குமரிமுனையை அணுகி முடிகிறது. அவர் அம்பையில் திறந்துவிட்டதும் தாராவியில் பங்கிட்டதும் ஒரே மலையின் தண்ணீர்.

ஊராரிடம் பழகுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் நடந்தால், "யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள். அது வேவு பார்ப்பதன்று. உன்னை எந்த முறையில் அழைப்பது என்று தெரிந்துகொள்ளும் வழி. நின்று, உன் கொள்ளுத் தாத்தா பெயரைச் சொல்லி, நீர்ப்பாய்ச்சி வீடு என்று தலை நிமிர்ந்து சொல். உன் வயதுப் பிள்ளைகளோடு இந்தி கலந்து பேசாதே. உன் தமிழ் தடுமாறினாலும் பரவாயில்லை, அவர்கள் திருத்துவார்கள். பாபநாசம் போனால், அந்த அருவியின் வேகத்தைக் கொண்டு 1880களில் ஹார்வி கம்பெனியார் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை நடத்தத் தொடங்கியதைக் கேட்டுத் தெரிந்துகொள். கடையத்துக்கும் ஒரு நடை போய் வரலாம்; அது பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊர், பாரதியார் 1918 முதல் 1920 வரை அங்கே இருந்தார்.

உத்திரத்தன்று சாஸ்தா கோயில். கோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதே. நம் சாஸ்தா குளத்தங்கரையில், பூரணை புஷ்கலையோடு ஒரு சிறு கட்டடத்தில் இருக்கிறார். சுற்றிலும் வெட்டவெளியில் பேச்சியும் சுடலையும் பூதத்தாரும். வருஷத்தில் மற்ற நாட்களில் விளக்கு வைக்கும் ஒருவரைத் தவிர ஆள் நடமாட்டம் இராது. அன்று மட்டும் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் துபாயிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்கி, மூன்று கல் கூட்டி, ஓலை எரித்துப் பொங்கலிடும். தென்பாண்டிச் சீமையில் ஒரே சாஸ்தாவைப் பல ஜாதிக் குடும்பங்கள் குலதெய்வமாகக் கொண்டிருப்பது சகஜம். என் தகப்பனாரைத் துறையில் இறங்க விடாத வீட்டார் அடுப்பும் எங்கள் வீட்டு அடுப்பும் அந்தக் கரையில் பத்தடி தூரத்தில் எரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நாளுக்கு அது எப்படிச் சாத்தியமாயிற்று, மறுநாள் ஏன் சாத்தியமாகவில்லை என்று சிறு வயதில் அவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பானையில் அரிசி போட்டார். இப்போது அந்தப் பத்தடி என்ன ஆயிற்று என்பதை நீ உன் கண்ணால் பார்த்து எனக்கு எழுத வேண்டும்.

பொங்கல் பொங்கி, படையல் முடிந்து, பெரியவர்கள் நிழலில் சாய்ந்த பிறகு, கரையோடு கிழக்கே நடந்தால் மடை வரும். குளத்தில் தண்ணீர் குறைந்திருக்கும்; நாரைகள் சேற்றில் நிற்கும். மடைக்கல்லின் இடது பக்கத்தில், கயிறு உராய்ந்து உராய்ந்து விரல் ஆழத்துக்குத் தேய்ந்த ஒரு தடம் உண்டு. என் தகப்பனாரும் அவருக்கு முன் அவர் தகப்பனாரும் பலகையைத் தூக்கிய கயிறு அது. அந்தத் தடம் இன்னும் இருக்கிறதா, சிமெண்ட் பூசி மூடிவிட்டார்களா என்று பார். இருந்தால் உன் ஆட்காட்டி விரலை அதில் வைத்து எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று அளந்துகொண்டு வா.

இப்படிக்கு,
உன் தாத்தா