நாடு இல்லாதவரை வரையத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

கனடாவின் மார்க்கம் நகரில் என்னிடம் சனிக்கிழமைகளில் படம் பழக வரும் பிள்ளைகள் இருவர், ரோகிங்கியா மக்களைப் பற்றி வரையப்போவதாகச் சொன்னார்கள். மனம் நிறைந்துவிட்டது. அன்று அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. அழுகிற முகத்திலிருந்து தொடங்காதீர்கள். யூனியன்வில்லில் இருக்கும் வார்லி ஓவியக்கூடம் உங்களுக்குத் தெரியும். அந்த ஃபிரெட் வார்லி முதலாம் உலகப் போரில் கனடாவின் போர் ஓவியராகப் போனவர். 'எதற்காக?' என்ற அவருடைய ஓவியத்தில் சேறு, பிணங்கள் ஏற்றிய ஒரு வண்டி, பின்னால் குழி வெட்டுகிறவர்கள். அவ்வளவுதான். அதன் முன்னால் நின்றால் பேச்சு வராது.

2. சட்டத்தைப் படியுங்கள். மியன்மாரின் 1982 குடியுரிமைச் சட்டம் ரோகிங்கியா மக்களைச் சொந்த மண்ணிலேயே அந்நியராக்கியது. கையில் மிஞ்சியிருந்த தற்காலிக அடையாள அட்டையான வெள்ளை அட்டையும் 2015இல் செல்லாமல் போனது. 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். ஊர் எரிவதற்கு வெகுமுன்பே காகிதம் பறிபோயிருந்தது. இது நமக்குப் புதிதா? 1948இல் மலையகத் தமிழருக்கு இலங்கை செய்ததும் இதுதானே. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு போட்டது. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பத்து வருடம் காக்கவைத்துப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். வீட்டில் ஹற்றன், பதுளைப் பக்கத்து அம்மம்மா இருந்தால் பக்கத்தில் போய் இருந்து கேளுங்கள்.

3. ஒரு பொருளை எடுத்து அதையே பாருங்கள். 2017 கடைசியில் படகு கிடைக்காதவர்கள் மஞ்சள் பிளாஸ்டிக் கான்களை மூங்கிலோடு கட்டி எல்லையிலுள்ள நாஃப் ஆற்றைக் கடந்தார்கள். நான் இரண்டு கிழமை ஒரே ஒரு கானை வரைந்தேன். கயிறு இறுகும் இடத்தில் பிளாஸ்டிக் உள்வாங்கும். அந்த மடிப்பில் மஞ்சள் கறுத்துப் பாசி நிறத்துக்கு வரும். அந்த நிறம் சரியாக வந்த அன்றுதான், அதைப் பிடித்துக்கொண்டு மிதந்த கை எனக்குத் தெரிந்தது.

4. முள்ளிவாய்க்காலை அவர்கள் மேல் பூசாதீர்கள். வங்காளதேசத்தில் அவர்கள் தங்கியிருக்கும் குதுப்பாலொங் முகாம் மரம் வெட்டிய களிமண் குன்றுகளில் மூங்கிலும் தறப்பாளுமாக நிற்கிறது. அங்கே நம்முடைய பனை வரிசை வேண்டாம்.

5. கேட்காமல் யாருடைய முகத்தையும் எடுக்காதீர்கள்.

6. பென்சிலை அவர்கள் கையிலும் கொடுங்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன் இடம்பெயர்ந்தவர்களிடம் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொல்லி, 2011இல் அதை ஒரு தோம்பாகவே, காணிப் பதிவேடாகவே, நூலாக்கினார். இங்கே கிச்சனர் நகரில் ரோகிங்கியாக் குடும்பங்கள் இருக்கின்றன. நானும் ஒரு பெரியவரிடம் தாளை நீட்டினேன். கிணறு, குசினி, மாட்டுக்கொட்டில் எல்லாம் மளமளவென்று வந்தன. படலை எந்தப் பக்கம் திறக்கும் என்பதை மட்டும் மூன்று தரம் அழித்து அழித்து வரைந்தார்.