நெறிக்கட்டியும் இரத்த அணுக் கணக்கும்



காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். புண் ஆறினால் அடங்கிவிடும். அது எல்லோரும் அறிந்ததே. ஆனால் கழுத்திலோ அக்குளிலோ மூன்று நான்கு வாரமாகியும் கரையாமல், வலியுமில்லாமல், ரப்பர் போல வளரும் கட்டி வேறு சங்கதி. "வலிக்கலையே, அப்புறம் என்ன?" என்று பற்றுப் போட்டுக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். அது காசநோயாக இருக்கலாம். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். காய்ச்சல், இராத்திரி வியர்வை, உடல் மெலிவு இரண்டிலுமே உண்டு. கட்டியில் சதை எடுத்துச் சோதித்தால்தான் எதுவென்று நிச்சயமாகும். இரத்தப் பரிசோதனை மட்டும் அதைச் சொல்லாது.

பிறகு இரத்தம் எதற்கு? நோய் உறுதியானபின் அதன் போக்கைக் கணிப்பதற்கு. பரிசோதனைச் சீட்டில் டி.சி. என்ற இடத்தில் வெள்ளை அணுக்களின் வகைகள் நூற்றுக்கு இத்தனை என்று இருக்கும். நியூட்ரோபில் 60, லிம்போசைட் 30 என்றால் விகிதம் 2. அதுவே 80-ம் 10-ம் ஆனால் விகிதம் 8. இந்த விகிதம் ஏறினாலும், மோனோசைட்டுகளை ஒப்பிட லிம்போசைட்டுகள் குறைந்தாலும் நோய் சற்றுக் கடுமையாகப் போகக்கூடும் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஹாட்ஜ்கின் வகை லிம்போமாவுக்கு 1998-ல் வெளியான மதிப்பெண் முறையில் ஏழு குறிகள். அவற்றில் இரண்டு வெள்ளணுக் கணக்கே: மொத்தம் 15,000 அல்லது அதற்கு மேல், லிம்போசைட் 600-க்குக் கீழ் அல்லது நூற்றுக்கு 8-க்குக் கீழ்.

இந்தக் கணக்கை வீட்டில் போட்டுப் பார்த்து, "இனி பிரயோஜனமில்லை" என்று நோயாளியைத் திரும்ப அழைத்து வருவது பெரிய தவறு. விகிதம் சொல்வது கூட்டத்தின் போக்கு, ஒருவருடைய ஆயுள் அல்ல. சீழ்ப்புண், காய்ச்சல் இருந்தாலே நியூட்ரோபில் ஏறிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படியே. அது கட்டியைக்கூடக் கொஞ்ச நாள் கரைத்துக் காட்டும். சதைப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகவும் செய்யும். ஹாட்ஜ்கின் வகையில் பெரும்பாலோர் முழுச் சிகிச்சை பெற்றால் குணமடைகிறார்கள்.

ஓசூர் அரசு ஆஸ்பத்திரியில் முதலில் காட்டுங்கள். அங்கிருந்து பெங்களூர் கித்வாய்க்கோ, 1954 முதல் இயங்கும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ அனுப்பினால், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும், தின்ற மாத்திரை அட்டைகளையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.